எழுபத்திரண்டு மீட்டர் இடப்பக்கம்

விக்னராஜாவின் பெயர் ஒரு கல்லில் ஏறப் போகிறது என்ற செய்தி, மெல்பேர்ணின் புறநகரான வெரிபீயில் இருந்த அவருடைய வீட்டுக்கு மின்னஞ்சலாக வந்தது. அனுப்பியவர் மோனிகா. பாலராட் நகருக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கச் செயலாளர். அந்த ஊரின் பழைய பள்ளிக்கூடத்தை 1946இல் மூடி, பலகை பலகையாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். பித்தளைத் தகட்டின் கடைசி வரியில் ‘இடத்தைக் கண்டறிந்தவர்: கே. விக்னராஜா, சர்வேயர்’ என்று பொறிக்கலாமா என்று மோனிகா கேட்டிருந்தார்.

விக்னராஜா அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் குசினிக்குக் கொண்டுபோனார்.

“இதையேன் பிரிண்ட் எடுத்தனீங்கள்? போனிலை காட்டியிருக்கலாமே,” என்றார் மனைவி ரஞ்சினி.

“கடைசிச் சொல்லை வாசியும்.”

ரஞ்சினி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்காக அவர் பட்ட பாடு அந்த வீட்டில் ரஞ்சினிக்குத்தான் தெரியும்.

விக்னராஜா வவுனியா நில அளவைக் கந்தோரில் பதினாலு வருடம் இருந்தவர். மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் சான்றிதழ்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் நன்றாகத்தான் உபசரித்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும், உள்ளூர் அனுபவம் வேண்டும் என்றார்கள். உள்ளூர் அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் உள்ளூர் அனுபவம் இல்லை. நாலாம் மாதம் பார்சல் பிரிக்கிற கிடங்கு ஒன்றில் சேர்ந்தார். தற்காலிகமாக என்று சொல்லிச் சேர்ந்தவர், இருபத்துநாலு வருடம் கழித்து முழங்கால் தேய்ந்த பிறகுதான் வெளியே வந்தார். இத்தனை வருடத்தில் இந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட அவரைச் சர்வேயர் என்று அழைத்ததில்லை.

“ஓம் எண்டு எழுதுங்கோ,” என்றார் ரஞ்சினி.

“எழுதிப் போட்டன்.”

இவ்வளவுக்கும் காரணம் சேஷாத்ரி. கும்பகோணத்துக்காரன், நாற்பத்தைந்து வயது, வங்கி ஒன்றில் கணினி வேலை, விக்னராஜா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு. ஆனால் இருவரும் அறிமுகமானது வெரிபீயில் அல்ல. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், த பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோவில் அன்னதான வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றபோதுதான் இரண்டு பேரும் ஒரே பேட்டைக்காரர் என்பது தெரிந்தது. சேஷாத்ரி அப்போது புதிதாக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருந்தான். ஒரு மாதமாகக் கடற்கரையில் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து சேர்த்ததெல்லாம் சோடா மூடி.

“கண்ட இடத்திலை தேடினா கண்டதுதான் கிடைக்கும்,” என்றார் விக்னராஜா. “முந்தி ஆக்கள் எங்கை கூட்டமா நிண்டவை எண்டு பாரும். அங்கைதான் சட்டைப் பையிலை இருக்கிறது விழும்.”

“அது எப்படி சார் தெரியும்?”

“பழைய பிளான் எதுக்கு இருக்கு?”

சேஷாத்ரி அவரைச் சார் என்று அழைத்தது தமிழ்நாட்டு வழக்கம். அவன் பக்கத்து வீட்டு நாய்க்காரரையும் சார் என்றுதான் அழைப்பான். ஆனால் விக்னராஜாவுக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

அதிலிருந்து மூன்று வருடம், மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் புறப்பட்டுவிடுவார்கள். வார நாட்களில் விக்னராஜா நூற்றைம்பது வருடத்துப் பழைய நிலப் படங்களை நூலக இணையதளத்திலிருந்து இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒரு மூலையில் ‘ஓட்டல்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். இன்னொரு மூலையில் ‘குதிரைப் பந்தயத் திடல்’. வேறொன்றில், கைவிடப்பட்ட தெரு ஒன்றின் புள்ளிக்கோடு. இன்றைய படத்தில் அதே இடத்தைப் பார்த்தால் புல்லும் இரண்டு ஆடும்தான் இருக்கும். தோண்டத் தடையுள்ள, பாரம்பரியப் பதிவேட்டில் உள்ள இடங்களின் பக்கமே அவர் தலை வைக்க மாட்டார். மற்ற இடமென்றால் நிலத்துக்காரரின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதி, முதல் சந்திப்புக்கு ரஞ்சினி சுட்ட மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோவார். கடிதத்துக்கு மசியாத விவசாயிகள் ரோல்சுக்கு மசிந்தார்கள்.

வயலுக்குள் இறங்கியதும் அவர் வேறு மனிதர். முதல் வேலை, பழைய படத்தில் உள்ள ஒரு எல்லை மூலைக் கட்டையாவது இன்னும் நிற்கிறதா என்று தேடுவது. அது கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் படத்திலேயே இருக்கிறது. இந்தத் திசையில் இத்தனை பாகை, இத்தனை செயின் தூரம். ஒரு செயின் என்பது இருபது மீட்டரும் கொஞ்சமும். விக்னராஜா கட்டையருகே நின்று காம்பசைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கித் திசை பார்ப்பார். அளவு நாடாவை இழுத்துப் போய் அளந்து, முடிகிற இடத்தில் ஒரு முளை அடிப்பார். அந்த நேரத்தில் சேஷாத்ரி பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

இரண்டாவது பயணத்தின்போது ஒரு சின்னச் சம்பவம். பழைய ஓட்டல் ஒன்றின் இடத்தை அளந்து முளை அடித்த பிறகு, சேஷாத்ரி போனைப் பார்த்தபடி தயங்கித் தயங்கி, “சார், பழைய மேப்பை சாட்டிலைட் படத்து மேல போட்டுப் பார்த்தேன். ஓட்டல் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுதே,” என்றான்.

“போன் பிழை,” என்றார் விக்னராஜா.

விஷயம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு சேஷாத்ரி போனைப் பற்றி வாய் திறக்கவில்லை. விக்னராஜா முளை அடித்ததும், அதைச் சுற்றிப் பத்து நிமிடம் டிடெக்டரை ஆட்டுவான். அப்புறம், “சார், சும்மா அந்தப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்,” என்று நடந்துபோவான். கொஞ்ச நேரத்தில் கருவி கத்தும். பழைய பென்னிக் காசு, சட்டைப் பித்தான், குதிரைச் சேணத்து வளையம் என்று வரும். விக்னராஜா அங்கே போய் அதையும் நாடாவும் காம்பசும் வைத்து அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

“உமக்கு நல்ல கைராசி ஐசே,” என்பார்.

ஓட்டல் இங்கே என்றால் காசு ஏன் அங்கே கிடைக்கிறது என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. அங்கேதான் லாயம் இருந்திருக்க வேண்டும், குதிரையில் ஏறும்போதுதானே காசு விழும் என்றார். பந்தயத் திடலில் மேடை இங்கே, சாராயக் கொட்டில் அங்கே. பள்ளிக்கூடத்தில் கட்டடம் இங்கே, பிள்ளைகள் ஓடி விளையாடிய இடம் அங்கே. காரணம் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பெரிய அறுவடை. மைப்புட்டி மூடி ஏழு, சின்னக் கால்சட்டைப் பித்தான்கள், வெள்ளியில் ஒரு மூன்று பென்னிக் காசு, கடைசியாகக் கைமணியின் நாக்கு. நிலத்துக்காரர் அதையெல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மோனிகாவிடம் கொடுத்தார். கைமணி நாக்கைப் பார்த்ததும் மோனிகாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த மாதம் சங்கம் கூடிக் கல் வைக்கத் தீர்மானித்தது. எங்கே என்று காட்ட விக்னராஜாவை அழைத்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, மூலைக் கட்டையிலிருந்து பதினெட்டுச் செயின் அளந்து, எல்லோரும் பார்க்க முளை அடித்தார். அங்கே கொங்கிரீட் போட்டார்கள். சேஷாத்ரி அன்றைக்கு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திறப்பு விழா ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பின்னேரம், விக்னராஜா சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து உட்கார்ந்தார். விழாவில் தொங்கவிடுவதற்கு ஒரு படம் வரைந்து தரச் சொல்லி மோனிகா கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தை மட்டும் வரைந்தால் போதும். ஆனால் கேட்டதைவிட இரண்டு மடங்கு செய்யாவிட்டால் விக்னராஜாவுக்குச் சோறு இறங்காது. மூன்று வருடத்தில் கண்டுபிடித்த ஏழு இடத்தையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடலாம் என்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒவ்வொரு இடத்துக்கும் மூலைக் கட்டையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு, தன்னுடைய முளைக்கு. பிறகு ஒரு சிவப்புக் கோடு, பொருள்கள் கிடைத்த இடத்துக்கு. முதல் மூன்றையும் விசிலடித்தபடி வரைந்தார். நாலாவதில் விசில் நின்றது. நாலிலும் சிவப்புக் கோடு கறுப்புக் கோட்டுக்கு இடப்பக்கம்தான் இருந்தது. லாயமும் சாராயக் கொட்டிலும் விளையாட்டுத் திடலும் எல்லா ஊரிலும் இடப்பக்கமாகவே இருக்குமா? பாகைமானியை வைத்துப் பார்த்தார். பதினொன்று. பதினொன்றரை. பதினொன்று. பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைய. மீதி மூன்றையும் வரைந்தார். அவையும் அதே.

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கு, படம் வரைந்தவர்கள் எடுத்தது மெய் வடக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாட்டுக்கு நாடு மாறும். வவுனியாவில் அது மூன்று பாகைக்கும் குறைவு. வயலில் கையால் அளக்கிற வேலைக்கு யாரும் அதை எண்ணுவதில்லை. இங்கே விக்டோரியா மாநிலத்தில் பதினொன்றரைப் பாகை. பரீட்சைக்குப் படித்த விஷயம். புதிதாக வந்த பையன்களுக்கு அவரே கரும்பலகையில் எழுதிக் காட்டிய விஷயம். இந்த நாட்டில் ஒரே ஒரு நாள் இந்த வேலையைச் செய்திருந்தால், முதல் நாள் தேத்தண்ணிக்கு முன்னமே யாராவது சொல்லித் திருத்தியிருப்பார்கள். அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. இங்கே வாங்கிய காம்பசில் அதைத் திருத்துவதற்கென்றே ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை.

பதினெட்டுச் செயினுக்குப் பதினொன்றரைப் பாகை என்றால் எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டார். எழுபத்திரண்டு. பள்ளிக்கூடம் கல்லுக்கு எழுபத்திரண்டு மீட்டர் இடப்பக்கம். கல்லில் அவருடைய பெயர்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஏழு இடத்திலும் சேஷாத்ரி சரியாக அந்தப் பக்கமாகத்தான் நடந்துபோயிருக்கிறான். கைராசிக்குப் பாகைக் கணக்குத் தெரியாது. விக்னராஜா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சேஷாத்ரி வீட்டுக் கதவை அவன் மனைவி விமலா திறந்தார். “வாங்க சார், உட்காருங்க. தோசை ஊத்தறேன்.”

“வேண்டாம் பிள்ளை. சேஷாத்ரி நிக்கிறாரோ?”

சேஷாத்ரி கராஜில் இருந்தான். பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு பித்தானைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு நாளாத் தெரியும்?” என்று கேட்டார் விக்னராஜா.

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தான். “ரெண்டாவது தடவையிலேயே தெரியும் சார். அந்த ஓட்டல் இடத்துல.”

“பதினொண்டரைப் பாகை.”

“ஆமா சார். வீட்டுக்கு வந்து நெட்ல தேடினேன். இந்த ஊர்ல முள்ளு அவ்வளவு கிழக்கால சாயுமாம். நம்ம பக்கமெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல.”

“தெரிஞ்சுகொண்டு மூண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு நிண்டனீர்.”

“அன்னைக்கே சொன்னேனே சார். போன் பிழைன்னுட்டீங்க.”

“இன்னொருக்காச் சொல்லக்கூடாதோ? கல்லு வைக்கேக்கையாவது சொல்லக்கூடாதோ? கொங்கிரீட் ஊத்தேக்கை பக்கத்திலைதானே நிண்டனீர்!”

சேஷாத்ரி கையிலிருந்த பித்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அன்னைக்கு அந்த லேடி உங்களை சர்வேயர்னு சொல்லி எல்லாருக்கும் அறிமுகம் பண்ணாங்க சார். உங்க முகத்தைப் பார்த்தேன். வாய் வரல.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நீங்க வர்றதை நிறுத்தியிருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு? இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா வர்றதுக்கு உங்களை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல சார்.”

விக்னராஜா வருகிற வழியில் நாலைந்து வசவுகளை அடுக்கி வைத்திருந்தார். எதிராளி என்னென்ன சொல்வான் என்றும் யோசித்து வைத்திருந்தார். இது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோபம் அதற்காக இறங்கிவிடவில்லை.

“என்னைச் சின்னப்பிள்ளையாக்கிப் போட்டீர்,” என்றார். “நான் முளை அடிக்க அடிக்க, நீர் பாவம் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீர்.”

விமலா தட்டில் தோசையோடு வந்தபோது அவர் கேட்டைத் தாண்டிவிட்டார்.

வீட்டில் ரஞ்சினி முழுக்கதையையும் கேட்டார். விழாவுக்குத் தன் வேலையிடத்துச் சிநேகிதிகளையெல்லாம் அழைத்திருந்தவர் அவர். “எழுபது மீட்டர்தானே அப்பா? ஆர் அளந்து பாக்கப் போயினம்? அங்கை நிக்கிற ஆடோ?” என்றார்.

“விக்னராஜா எண்டு மட்டும் எழுதியிருந்தா விட்டிருப்பன். பக்கத்திலை சர்வேயர் எண்டெல்லோ கிடக்கு.”

“சொன்னா அந்தச் சொல்லை எடுத்துப் போடுவினம்.”

“ஓம்,” என்றார் விக்னராஜா.

சனிக்கிழமை பின்னேரம் விக்னராஜா சேஷாத்ரிக்குப் போன் செய்தார். “நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுவம். நாடாவைக் கொண்டு வாரும்,” என்றார். மன்னிப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. மறுமுனையில் சேஷாத்ரி, “அஞ்சரைக்கு வந்துடறேன் சார்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், விழாக் கூட்டம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அவர்கள் வயலில் நின்றார்கள். அறுவடை முடிந்து கோதுமைத் தாள் மட்டும் நின்ற நிலம். விக்னராஜா காம்பசின் திருகாணியைத் திருப்பி, பழைய கட்டையிலிருந்து முதலிலிருந்து அளந்தார். பதினெட்டாவது செயின் முடிந்த இடத்தில் போன வருடம் சேஷாத்ரி கிண்டி மூடிய குழிகளின் தடம் இருந்தது. அதன் நடுவில் புதிய முளையை அடித்தார். தூரத்தில், கேட்டருகே, துணி போர்த்திய கல் நின்றது. அங்கிருந்து பார்க்க அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது.

மோனிகா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விக்னராஜா படத்தை விரித்து, கறுப்புக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் காட்டி, பிழை முழுக்கத் தன்னுடையது என்று சொன்னார். மோனிகா பொறுமையாகக் கேட்டார்.

“எழுபது மீட்டரா?” என்றார் முடிவில். “அது கிட்டத்தட்டச் சரிதானே! இவ்வளவு பெரிய வயலில் அது ஒரு பொருட்டா?”

நிலத்துக்காரரும் வந்து படத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கு நல்ல ஆறுதல். “நல்லவேளை. நீங்கள் அங்கே காட்டியிருந்தால் நான் எப்படியும் கேட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் அங்கேயெல்லாம் விதைப்பு,” என்றார்.

ஆக, அவர் அளந்தாலும் அளக்காவிட்டாலும் கல் அந்த இடத்தில்தான் நின்றிருக்கும். விக்னராஜாவுக்கு இது பிழை செய்ததைவிடக் கேவலமாக இருந்தது.

“அப்படியென்றால் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள்,” என்றார்.

மோனிகா அவர் தோளைத் தொட்டு, “நீங்கள் ரொம்ப அடக்கமானவர்,” என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டப் போனார்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் பெரில் என்ற மூதாட்டியை உட்கார்த்தியிருந்தார்கள். எண்பத்தேழு வயது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான் என்று மோனிகா அறிமுகம் செய்ய, எல்லோரும் கைதட்டினார்கள். துணியை விலக்கினார்கள். பித்தளை வெயிலில் மின்னியது. பிறகு சர்வேயர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று மோனிகா அழைத்தார்.

விக்னராஜா எழுதி வைத்திருந்த தாளை வெளியே எடுக்கவில்லை. ரஞ்சினி சிநேகிதிகளோடு இரண்டாம் வரிசையில் இருந்தார். சேஷாத்ரி ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பள்ளிக்கூடம் இங்கே இல்லை,” என்றார் விக்னராஜா ஆங்கிலத்தில். “அதோ, அங்கே இருந்தது. எழுபத்திரண்டு மீட்டர். திசையைப் பிழையாக எடுத்தவன் நான். ஒரு சர்வேயர் அப்படிச் செய்யக் கூடாது.”

ஒரு கணம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்து நன்றாகக் கைதட்டினார்கள். “தேநீர் தயார்!” என்று மோனிகா சொல்ல, கூட்டம் கலைந்து கேக் மேசைப் பக்கம் போனது. இவ்வளவுதான். இரண்டு இரவு தூக்கம் கெட்டுச் சொல்லி முடித்த உண்மையை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது அவருக்கு.

பெரில் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைத்தடியால் தரையைத் தட்டி அவரை அருகே அழைத்தார்.

“எனக்குக் காலையிலேயே தெரியும்,” என்றார். “பள்ளிக்கூட வாசலில் நின்றால் அந்த இரண்டு மலைகளும் ஒன்றையொன்று தொட்டபடி தெரியும். இங்கிருந்து பார்த்தால் நடுவில் இவ்வளவு இடைவெளி.”

“சொல்லியிருக்கலாமே?”

“ஒருவரும் கேட்கவில்லையே. நீங்களெல்லாம் சந்தோஷமாக வேறு இருந்தீர்கள்.” கைத்தடியை ஊன்றி எழுந்தார். “என்னை அங்கே கூட்டிப் போவீர்களா?”

விக்னராஜா ஒரு பக்கமும் சேஷாத்ரி ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொள்ள, அவர் கோதுமைத் தாள்களை மிதித்துக்கொண்டு நடந்தார். எழுபத்திரண்டு மீட்டருக்குக் கால் மணி நேரம் போல ஆயிற்று. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். முளையருகே வந்ததும் பெரில் மலைகளைப் பார்த்தார். அப்புறம் முளையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இதுவும் இல்லை,” என்றார்.

“பிளானில்—” என்று தொடங்கிய விக்னராஜா, அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பெரில் இருவருடைய கைகளையும் உதறிவிட்டு, தானாக மேட்டுப் பக்கமாக நாலடி நடந்தார். நின்று, மறுபடியும் மலைகளைப் பார்த்தார். இம்முறை அவருக்குத் திருப்தி. கைத்தடியால் காலடியைக் காட்டினார்.

“வாசல்படி இங்கே. உங்கள் அளவு பிழை, ஐயா.”

இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில், அவருடைய வேலையை ஒரு சர்வேயரின் வேலையாகவே மதித்துப் பார்த்து, பிழை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. விக்னராஜாவுக்கு மூக்கு நுனி சிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

“சேஷாத்ரி,” என்றார், “சுத்தியலைத் தாரும்.”

குனிந்து முளையைப் பிடுங்கிக்கொண்டு, பெரிலின் காலடிக்குப் போனார்.